ஆறு பேர் அடக்கி வாசித்த ஆல்பம்: வில்கோவின் ‘குரூயல் கன்ட்ரி’யும் ஒரே அறைப் பதிவும்

கேள்வி: வில்கோ என்ற அமெரிக்க ராக் பேண்டின் ‘குரூயல் கன்ட்ரி’ ஆல்பத்தில் ஆறு பேர் வாசிக்கிறார்கள். அப்படியும் ஒரே ஒரு ஆள் கிட்டாரோடு எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறதே, எப்படி? அதே பாணியில் நாங்கள் நாலு பேர் (பாடகர் கையில் ஒரு அகூஸ்டிக் கிட்டார், இன்னொரு அகூஸ்டிக், பேஸ், சின்ன ட்ரம்ஸ்) வீட்டு ஹாலில் பதிவு செய்ய முடியுமா? கையில் இருப்பது நாலு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), எஸ்எம்58, எஸ்எம்57 என்ற இரண்டு சாதாரண மைக்குகள், நுட்பமாகக் கேட்கும் ஒரு கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும்) கண்டென்சர் மைக். ஹால் சுமார் 13 அடிக்கு 10 அடி.

பதில்:

முடியும். ஆனால் மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த ஆல்பத்தின் காலியிடம் மிக்ஸிங் மேசையில் உண்டானதில்லை. வாசிக்கிறவர்கள் வாசிக்காமல் விட்ட இடங்களால் உண்டானது. ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த ஒலி வந்துவிடும் என்று நினைத்து இரண்டு பேர் விடாமல் கிட்டாரைத் தேய்த்தால், ஆறு பேர் வாசித்ததைவிட நெரிசலாகத்தான் கேட்கும்.

முதலில் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘குரூயல் கன்ட்ரி’ 2022 மே 27 அன்று வெளியானது. இரட்டை ஆல்பம், 21 பாட்டுகள், 77 நிமிடங்களுக்குப் பக்கம். சிகாகோவில் பேண்டின் சொந்த இடமான ‘தி லாஃப்ட்’டில் பதிவானது. ஜெஃப் ட்வீடி, ஜான் ஸ்டிராட், க்ளென் கோச்சி, மைக்கேல் யோர்கென்சன், நெல்ஸ் க்ளைன், பாட் சான்சோன் ஆகிய ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாசித்த டேக்குகளே (முழுப் பாட்டாக ஒரே தடவையில் எடுத்த பதிவுகள்) ஆல்பத்தின் பெரும்பகுதி. பிற்பாடு சேர்த்த ஓவர்டப்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அந்தச் சமயத்தில் இன்னொரு ஆல்பத்தின் வேலை பாதியில் இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இதை முடித்தார்கள். ஓரமாக வைத்தது கேட் லெ பான் தயாரிப்பில் 2023ல் ‘கசின்’ என்று வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பேண்ட் எவ்வளவு வேறு மாதிரி வேலை செய்ய முடியும் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

வில்கோவின் பாடகர் ட்வீடி 1967ல் பிறந்தவர், இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர். ‘ஆல்ட் கன்ட்ரி’ (அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியை ராக்கோடு கலப்பது) என்ற வகையைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் அங்கிள் டுபெலோ பேண்டில் ஜே ஃபாரரோடு சேர்ந்து பாடியவர். அந்தப் பட்டத்தை வில்கோ பல வருடங்களாக ஒரு சங்கடத்தோடுதான் ஏற்றுக்கொண்டது. 2022ல்தான், சரி, கன்ட்ரி ஆல்பமே போடுகிறோம் என்று வெளிப்படையாக இறங்கினார்கள்.

என் கருத்தில் 21 பாட்டு அதிகம். ‘மிஸ்டரி பைண்ட்ஸ்’ போல ஒன்றிரண்டு வேறு ஆல்பத்திலிருந்து வழி தவறி வந்தவை மாதிரி நிற்கின்றன. ஒரே மூச்சில் கேட்காமல் டிஸ்க் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பதிவு முறையைப் படிப்பதற்கு மூன்று பாட்டு போதும்: ‘ஐ ஆம் மை மதர்’, ‘ஃபாலிங் அபார்ட் (ரைட் நவ்)’, ‘பேர்ட் வித்அவுட் எ டெயில் / பேஸ் ஆஃப் மை ஸ்கல்’.

கேட்கும்போது குரலை விட்டுவிட்டு, குரலுக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடங்களைக் கவனியுங்கள். கிட்டார்க்காரர் நெல்ஸ் க்ளைன் ஃப்ரீ ஜாஸிலும் இரைச்சல் இசையிலும் பேர் வாங்கியவர். நினைத்தால் எல்லாரையும் மூழ்கடித்துவிடக் கூடியவர். இங்கே அவர் வரிக்கும் வரிக்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்றரை நொடியில் மட்டும் நுழைந்து, அடுத்த வரி தொடங்குவதற்குள் வெளியேறிவிடுகிறார். ட்ரம்மர் கோச்சியும் அப்படியே. ஆனால் எல்லாவற்றையும் மென்மை என்று நினைத்துவிட வேண்டாம். ‘பேர்ட் வித்அவுட் எ டெயில்’ பாட்டில் வரிகள் முடிந்ததும் வெறும் இசையாக நீளமாகப் போகிறது; கிட்டார்கள் அங்கே கட்டவிழ்கின்றன. முன்பாதியில் பிடித்து வைத்ததால்தான் அங்கே அவிழ்ப்பதற்கு ஏதோ இருக்கிறது.

இந்தப் பதிவு முறைக்கு ட்வீடியின் வாழ்க்கையிலேயே இரண்டு முன்னோடிகள் உண்டு. முதலாவது அங்கிள் டுபெலோவின் மூன்றாவது ஆல்பம். அதன் தலைப்பே பதிவு செய்த தேதிதான்: ‘மார்ச் 16–20, 1992’. ஐந்து நாள், ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸில் ஜான் கீன் ஸ்டூடியோ, தயாரிப்பு ஆர்.ஈ.எம். பேண்டின் பீட்டர் பக். முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் கிட்டாரை அலறவிட்ட பேண்ட், சியாட்டில் ஊரின் கிரஞ்ச் ராக் சத்தம் உச்சத்தில் இருந்த அந்த வருடத்தில், நிலக்கரிச் சுரங்கப் பாட்டுகளையும் பழைய பக்திப் பாட்டுகளையும் கையில் எடுத்து ஏறக்குறைய முழுவதும் அகூஸ்டிக்காகப் பாடியது. இரண்டாவது, 1993ல் வந்த ‘அனோடைன்’. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் சீடர் கிரீக் ஸ்டூடியோவில் பிரையன் பால்சன் தயாரிப்பில், ஓவர்டப் இல்லாமல் நேரடியாகப் பதிவானது. பெடல் ஸ்டீலுக்கு (படுக்க வைத்து, தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிட்டார்) லாயிட் மெயின்ஸ். அதற்கடுத்த வருடமே பேண்ட் உடைந்தது. ஃபாரர் சன் வோல்ட் தொடங்கினார், மற்றவர்கள் வில்கோ ஆனார்கள்.

இதே முறையின் உச்சம் என்று கனடாவின் கௌபாய் ஜங்கீஸ் பதிவு செய்த ‘தி ட்ரினிட்டி செஷன்’ ஆல்பத்தைச் சொல்வார்கள். 1987 நவம்பர் 27, டொரண்டோவின் ஹோலி ட்ரினிட்டி சர்ச், ஒரே மைக், பொறியாளர் பீட்டர் மூர். மார்கோ டிம்மின்ஸின் குரல் ஒரு ஸ்பீக்கர் வழியாக வந்து மைக்கில் சேர்ந்தது. மற்றவர்கள் மைக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் எவ்வளவு தூரம் என்பதுதான் மிக்ஸ். இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கண்டென்சரை ஹால் நடுவில் நட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். அந்த ‘ஒரே மைக்’ ஒரு கால்ரெக் ஆம்பிசோனிக். உள்ளே ஒலியைப் பிடிக்கும் நாலு கேப்ஸ்யூல்கள் நாலு திசை பார்த்து இருக்கும். அதிலிருந்து ஸ்டீரியோ எடுக்கலாம். போதாததற்கு அந்தச் சர்ச்சின் எதிரொலி வேறு. உங்கள் மோனோ கார்டியாய்டும் டைல்ஸ் போட்ட ஹாலும் அந்த வேலையைச் செய்யாது. உங்களிடம் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது வேறு ஏற்பாடு. கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஒரே அறையில் எல்லாரும் வாசித்தால் எல்லார் ஒலியும் எல்லா மைக்கிலும் கசியும். இதைக் குறை என்று மட்டும் பார்க்காதீர்கள். கசிவுதான் நாலு தனித்தனி ட்ராக்குகளை ஒரே அறையாக ஒட்டுகிறது. கூடவே அது பிற்பாடு திருத்தும் வசதியைப் பிடுங்கிக்கொள்கிறது. உதாரணமாக, ஓரிடத்தில் சுருதி விலகிய குரலைப் பிட்ச் கரெக்‌ஷன் போட்டுச் சரி செய்தால், கிட்டார் மைக்கில் கசிந்த பழைய குரல் அப்படியே இருக்கும். திருத்திய குரலும் திருத்தாத குரலும் சேர்ந்து இரட்டைக் குரலாகக் கொழகொழக்கும். பேஸ் வாசிப்பவர் ஒரு ஸ்வரம் தப்பினால் அதை மட்டும் மாற்றி வாசிக்கவும் முடியாது, கண்டென்சரில் தப்பு பதிந்திருக்கும். ஆகவே தப்பு நடந்தால் பாட்டு முழுவதும் மறுபடி. இந்தக் கட்டாயம் இருப்பதால்தான் வாசிப்பவர்கள் தேவையில்லாத சாகசத்தைக் கைவிடுகிறார்கள். அடக்கமும் கசிவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருப்பவை.

இனி உங்கள் ஹால்.

13 அடிக்கு 10 அடி என்றால் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 3 மீட்டர். சுவருக்குச் சுவர் 4 மீட்டர் இடைவெளியில் 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டரில் 57 ஹெர்ட்ஸிலும் அறை தானாகக் கூடவே முழங்கும். பேஸ் கிட்டாரின் திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், திறந்த ஏ தந்தி 55. புரிகிறதல்லவா? அந்த இரண்டு ஸ்வரமும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வீங்கி ஒலிக்கும், எல்லா மைக்கிலும் போய் உட்காரும். இதை இகுவலைசரில் வெட்டினால் கிக் ட்ரம்மின் உடம்பும் சேர்ந்து போகும். ஆகவே பேஸை மைக் இல்லாமல் நேரடியாக இன்டர்ஃபேஸில் டிஐ (கிட்டாரின் சிக்னலைப் பதிவுக்கு ஏற்றபடி மாற்றும் இணைப்பு) வழியாகச் செருகுங்கள். மற்றவர்களுக்குக் கேட்க ஒரு சின்ன ஆம்ப்பை நாற்காலி மேல், மூலையிலிருந்து விலக்கி, பேசும் குரலின் அளவுக்கு வையுங்கள். பிரிட்ஜ் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகினால் ஸ்வரம் ‘டும்’ என்று தொடங்கிச் சீக்கிரம் அடங்கும். இந்த வகைப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம். ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பாகச் சுற்றிய) தந்தி இருந்தால் இன்னும் நல்லது.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று நடுக்கம் வந்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி பந்தாடுகிறது. தரையில் ஜமுக்காளம், ஒரு பக்கச் சுவரில் கனமான போர்வை. பஞ்சு மெத்தை ஒன்று இருந்தால் அதைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். கார்டியாய்டு மைக் தன் எதிரே இருப்பதைத்தான் கேட்கும். எதிரே இருப்பது பாடகரும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும். ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். ஃபேன் காற்று கண்டென்சரில் நேராக மோதினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ‘பொத் பொத்’ என்று பதியும். ஹெட்ஃபோனில் கேட்காது, பெரிய ஸ்பீக்கரில்தான் தெரியும்.

உட்காரும் விதம் இது. ஹாலின் நீளவாக்கில் ஒரு முனையில் பாடகர், எதிர் முனையில் ட்ரம்மர், ஒருவரை ஒருவர் பார்த்தபடி, மூன்று மீட்டர் இடைவெளி. பாடகரின் இரண்டு மைக்குகளும் (குரலுக்கு எஸ்எம்58, கிட்டாருக்கு எஸ்எம்57) அவரைப் பார்த்து இருக்கும்; அவற்றின் முதுகு ட்ரம்ஸைப் பார்க்கும். கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம். கண்டென்சரை இருவருக்கும் நடுவில், பாடகருக்கு முதுகைக் காட்டி, ட்ரம்ஸிலிருந்து 2 மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது கிட்டார்க்காரர் அதன் முன்பக்கம் சற்று ஓரமாக 70 செ.மீ. தூரத்தில். ட்ரம்ஸும் இரண்டாவது கிட்டாரும் அந்த ஒரே மைக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பேஸ்காரர் ட்ரம்மர் பக்கத்தில், அவர் கால் தெரியும்படி.

தூரத்தை இரட்டித்தால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் குறைவு அவ்வளவு இருக்காது. கிட்டார் எடுபடவில்லை என்றால் நாற்காலியை 10 செ.மீ. முன்னால் இழுங்கள், அவ்வளவுதான். கண்டென்சரில் இரண்டும் சேர்ந்தே பதிவதால் பிறகு பிரிக்க முடியாது. பதிவு நாளில் முதல் ஒன்றரை மணி நேரம் நாற்காலி நகர்த்துவதற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் அதுதான் மிக்ஸிங்.

பாடகரின் இரண்டு மைக்குகள்தான் தலைவலி. வாயிலிருந்து எஸ்எம்58க்கு 6 செ.மீ., எஸ்எம்57க்கு 45 செ.மீ. என்று கொள்வோம். வித்தியாசம் 39 செ.மீ., அதாவது குரல் இரண்டாவது மைக்குக்கு 1.1 மில்லிநொடி தாமதமாகப் போகிறது. இரண்டையும் கலக்கும்போது 440 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் தன்னைத் தானே தின்னும். அடுத்து 1,320, பிறகு 2,200 என்று வரிசையாகப் பள்ளம். தகர டப்பாவுக்குள் பாடுவது போல ஒரு ஒலி வருகிறதே, அதன் காரணம் இதுதான். குரல் 45 செ.மீ. தூரத்தில் தானாகவே 17 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். ஆனால் கிட்டார் மெல்ல ஒலிப்பதால் அந்த மைக்கின் கெயினை ஏற்றுகிறோம், கூடவே குரலும் ஏறிவிடுகிறது. தீர்வு: கிட்டார் மைக்கை 15 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள், 14ஆம் ஃபிரெட் பக்கம், முனை தரையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். ஒலித்துளைக்கு நேரே வேண்டாம், அங்கே காற்று குமுறும். எஸ்எம்58ஐ வாய்க்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாயுங்கள். அதன் முதுகு கிட்டாரைப் பார்க்கும். இவ்வளவு கிட்டத்தில் பாடினால் குரலின் அடி ஒலி வீங்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். பிறகு ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ்) திருப்பிப் பாருங்கள். இரண்டு நிலையில் எதில் குரல் தடிமனாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிகர்-எயிட் மைக் (முன்னாலும் பின்னாலும் கேட்பது) இரண்டு கடன் கிடைத்தால் இந்தப் பிரச்சினை பாதியாகும். அவற்றின் பக்கவாட்டு அறவே கேட்காது. குரல் மைக்கின் பக்கவாட்டைக் கிட்டாருக்கும், கிட்டார் மைக்கின் பக்கவாட்டை வாய்க்கும் காட்டினால் போதும். ஆனால் முதுகிலும் முன்பக்கம் அளவுக்கே கேட்கும் என்பதால் ட்ரம்ஸ் நேராக உள்ளே வரும். உங்கள் ஹாலின் நீளத்துக்கு நான் கார்டியாய்டையே சொல்வேன்.

ட்ரம்மருக்கு: கிக், ஸ்நேர், ஹை-ஹாட், ஒரு சிம்பல். இதற்குமேல் எதுவும் ஹாலுக்குள் வரக்கூடாது. குச்சிக்குப் பதில் பிரஷ். ஸ்நேர் மேல் மெல்லிய பருத்தித் துண்டு, கிக்குக்குள் ஒரு தலையணை. ஒரு சோதனை உண்டு: எந்த மைக்கும் இல்லாமல் எல்லாரும் வாசிக்கும்போது, பாடகர் பாடும் வார்த்தைகள் ட்ரம்மருக்குக் காதில் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் மைக்குக்கும் புரியாது. இன்னொன்று, பேஸின் அதிர்வில் ஸ்நேரின் அடிக்கம்பிகள் யாரும் தொடாமலே கரகரக்கும். ட்ரம்ஸ் வாசிக்காத சரணங்களில் பக்கவாட்டு நெம்பை இறக்கிக் கம்பிகளை விலக்கி வையுங்கள். இதை மறந்துவிட்டால் பாட்டின் மிக அமைதியான இடத்தில் ‘கர்ர்’ என்று ஒரு ஒலி போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு அகூஸ்டிக் கிட்டார் ஒரே இடத்தில் ஒரே கார்டைத் தேய்ப்பதுதான் இந்தப் பாணியில் அதிகம் பார்க்கும் தவறு. பாட்டு ஜி ஸ்கேலில் என்றால், பாடகர் கேபோ (கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) இல்லாமல் ஜி வடிவங்களை வாசிக்கட்டும். இரண்டாமவர் 5ஆம் ஃபிரெட்டில் கேபோ போட்டு டி வடிவங்களையோ, 7ஆம் ஃபிரெட்டில் போட்டு சி வடிவங்களையோ வாசிக்கட்டும். கார்டு அதுவே, இடம் மேலே. கேபோ போட்டதும் தந்திகள் கொஞ்சம் ஏறும். கேபோ போட்ட பிறகே சுருதி சேர்க்க வேண்டும். இன்னும் அழகான வழி நாஷ்வில் ட்யூனிங்: 12 தந்தி செட் ஒன்றை வாங்கி, அதிலுள்ள மெல்லிய ஜோடித் தந்திகளை ஈ, ஏ, டி, ஜி இடங்களில் மாட்டுங்கள். நாலும் ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். முழு கிட்டாரே மணி மாதிரி ஆகிவிடும், பேஸோடும் பாடகரின் கிட்டாரோடும் முட்டாது. அந்த ஜி தந்தி 0.008 அல்லது 0.009 அங்குலம்தான், படக்கென்று அறும், உபரியாக இரண்டு வைத்திருங்கள். புதுத் தந்தி எதுவானாலும் பதிவுக்கு முந்தின நாளே மாட்டி இழுத்துப் பழக்கிவிடுங்கள். அன்றே மாட்டினால் ஒவ்வொரு டேக்கிலும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஸ்டீல் ஒலி வேண்டும் என்று கட்டாயம் கேட்பீர்கள். பெடல் ஸ்டீல் என்பது பொதுவாக ஈ9 ட்யூனிங்கில் 10 தந்தி, 3 பெடல், நாலைந்து முழங்கால் நெம்புகள். இரண்டு மாதத்தில் பழகும் வாத்தியம் அல்ல. ஆறு தந்தி லாப் ஸ்டீலை (பெடல் இல்லாத, மடியில் வைத்து வாசிக்கும் எளிய வகை) சி6 ட்யூனிங்கில் (கீழிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ) வைத்து, நடுவில் ஒரு வால்யூம் பெடல் போடுங்கள். மீட்டும்போது பெடலை மூடி, மீட்டிய பிறகு மெல்லத் திறந்தால் ‘டிங்’ மறைந்து ஒலி மூச்சு மாதிரி எழும். ஆனால் அதை வாசிக்கிறவர் வேறு எதுவும் வாசிக்கக்கூடாது. உங்கள் இரண்டாவது கிட்டார்க்காரர் சில பாட்டில் இதற்கு மாறிக்கொள்ளட்டும்.

அரேஞ்ச்மென்ட்டைக் காகிதத்தில் எழுதுங்கள். கார்டுகளை எழுத்தாக எழுதாமல், ஸ்கேலில் எத்தனையாவது என்பதைக் காட்டும் 1, 4, 5 போன்ற நாஷ்வில் எண்களாக எழுதினால், பாடகருக்காக ஸ்கேல் மாற்றும்போது தாள் அப்படியே உதவும். ஒவ்வொரு சரணத்துக்கும் எதிரே, வரிகளுக்கு இடையில் பதில் சொல்ல ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். முதல் சரணத்தில் யாரும் இல்லை, இரண்டாவதில் கிட்டார், கோரஸுக்குப் பிறகு லாப் ஸ்டீல், இப்படி. பேர் எழுதாதவர் அந்த இடத்தில் தாளத்தை மட்டும் பிடிக்க வேண்டும், அல்லது கையை எடுத்துவிட வேண்டும். பேஸுக்கு முதல், மூன்றாம் அடியில் கார்டின் மூல ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும் போதும். நாலு பேரில் ஒருவருக்காவது இது சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், டேக் நடுவில் அலங்காரமாக வெளிவராமல் இருக்கும்.

ஸ்கேல் விஷயத்தில் மேடையில் பாடும் ஸ்கேலை நம்ப வேண்டாம். மேடையில் சத்தத்துக்கு மேலே குரலை எறிய வேண்டும். இங்கே பேச்சுக்குப் பக்கத்தில் பாட வேண்டும். பெரும்பாலும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் சரியாக வரும்.

பதிவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் −12 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் வையுங்கள். 24 பிட்டில் இதைவிட ஏற்ற எந்த அவசியமும் இல்லை. இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பிதான். வாசிக்கும்போது காதில் மெட்ரோனோம் க்ளிக் போடாதீர்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் மெட்ரோனோமை பத்துப் பதினைந்து நொடி எல்லாரும் கேட்டுவிட்டு அணையுங்கள். பாட்டு போகப் போக இரண்டு மூன்று பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) ஏறினால் யாருக்கும் தெரியாது. தொடக்கமே படபடப்பில் வேகமாகிவிட்டால் பாடகர் வார்த்தைகளை மென்று விழுங்குவார், அது எல்லாருக்கும் தெரியும்.

மெட்ரோனோமில் ஒரே வேகத்தில் தொடங்குவதில் இன்னொரு லாபம், டேக்குகளை வெட்டி ஒட்டலாம். தனி ட்ராக்கை அல்ல, நாலையும் சேர்த்து, ஒரு பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் அடி விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டி, 10–20 மில்லிநொடி க்ராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும் ஒட்டு) கொடுங்கள். முந்தின சிம்பல் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் வெட்டு காட்டிக்கொடுக்கும். கோரஸுக்கு முன் எல்லாரும் நிறுத்தும் இடம் இருந்தால் அங்கேயே வெட்டுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று டேக். மூன்றிலும் வரவில்லை என்றால் நாலாவதில் வராது, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்புங்கள். கடைசித் தந்தி அடங்கிய பிறகும் ஐந்து நொடி யாரும் அசையக்கூடாது. நாற்காலி கிறீச்சிட்டு வீணான நல்ல டேக்குகள் அநேகம்.

மிக்ஸில் செய்ய அதிகம் இல்லை. கேட் (ஒலி குறைந்ததும் ட்ராக்கை மூடிவிடும் கருவி) போடவே போடாதீர்கள். அது மூடும்போதெல்லாம் கசிவும் மூடும், அறை வந்து வந்து போகும். குரலுக்கு 3:1 விகிதத்தில் 3 டெசிபல் அளவு கம்ப்ரஷன் (உரத்த இடங்களை அமுக்குவது). குரலும் பேஸும் நடுவில், பாடகரின் கிட்டார் சற்று இடம், கண்டென்சர் சற்று வலம். முழுக்க ஓரத்துக்குத் தள்ளினால் கசிந்த குரல் ஒரு பக்கம் இழுக்கும். ரிவர்ப் ஒன்றே ஒன்று, ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட நீளும் ஸ்ப்ரிங் அல்லது ப்ளேட், அது இருப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் தெரியும் அளவுக்கு. எல்லாவற்றையும் ஒருமுறை மோனோவில் கேளுங்கள். குரல் சட்டென்று மெலிந்தால் கிட்டார் மைக்கின் அளவைக் குறையுங்கள். இறுதி ஒலி அளவு −14 முதல் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் ஒலி அளவின் அலகு) வரை இருந்தால் போதும். அதற்குமேல் லிமிட்டரில் (உச்சங்களை அமுக்கி மொத்த ஒலியை ஏற்றும் கருவி) அழுத்தினால் வரிகளுக்கு நடுவிலுள்ள அறையொலி மேலே எழும்பி வந்து, கஷ்டப்பட்டு விட்ட காலியிடத்தை நிரப்பிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று பாட்டு என்று திட்டமிடுங்கள். ஐந்து நாளில் 15 பாட்டு முடித்த அங்கிள் டுபெலோவின் கணக்கும் அதேதான். ஆனால் அவர்களுக்குக் கருவி மாற்றி மாற்றி வாசித்து உதவ பிரையன் ஹென்னமன் இருந்தார், மைக் நகர்த்த ஜான் கீன் இருந்தார். உங்களில் யாராவது வாசித்துக்கொண்டே ரெக்கார்ட் பட்டனையும் அழுத்த வேண்டியிருக்கும். வாசிக்கத் தெரியாத, ஆனால் பாட்டுக் கேட்கத் தெரிந்த ஐந்தாவது ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, மூடிய ஹெட்ஃபோனோடு பக்கத்து அறையில் உட்கார வையுங்கள். எந்த டேக் நல்ல டேக் என்பதை அவர் சொல்லட்டும்.